ஆரோக்கியமான ஓர் ஆண்

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே புரொபசர் மின்னஞ்சலைத் திறந்துவிடுவார். உலகத்தின் எந்த மூலையிலாவது யாராவது தம் ஆய்வுக் கட்டுரையில் இவருடைய கட்டுரையை எடுத்துக் குறிப்பிட்டிருந்தால், எங்கோ இருக்கும் ஒரு கணினி அதை மோப்பம் பிடித்து இவருக்குச் செய்தி அனுப்பிவிடும். அதற்கு மேற்கோள் என்று பெயர். அவர் தொழிலில் ஒருவர் பெரிய ஆளா, சும்மா ஆளா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். எத்தனை கட்டுரை எழுதினோம் என்பதைவிட, எழுதியதை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதே பேச்சு.

புரொபசர் எழுதியவை அறுபதுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவற்றை அவருடைய மாணவர்களைத் தாண்டி அதிகம் பேர் சீண்டியதில்லை. அந்த ஒன்றுதான் அவருக்குப் பதவியும் அறையும் அறைக்கு ஜன்னலும் வாங்கிக் கொடுத்தது. இளம் வயதில் எழுதியது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதி குறைந்துபோனால் தசைகள் மெல்ல மெல்லத் தளரும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அந்த நொதியை அளந்து நோயைக் கண்டுபிடிக்க அவர் ஒரு சோதனை முறையை வகுத்திருந்தார். உலகம் முழுக்க மருத்துவமனைகளில் இன்றைக்கும் அந்தச் சோதனைதான்.

எதையும் அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? நோயாளியின் ரத்தத்தில் நொதி குறைவு என்று சொல்ல, குறையாத ஒரு மனிதனின் ரத்தம் வேண்டும். அந்தக் காலத்தில் வெளியாள் ஒருவரிடம் ரத்தம் கேட்க வேண்டுமென்றால் குழு கூட வேண்டும், அனுமதி வர வேண்டும், அதற்குள் வருடம் ஓடிவிடும். அவர் கையை அவரே நீட்டினார். அப்போது பல ஆய்வகங்களில் அதுதான் வழக்கம். கட்டுரையில் மட்டும் ‘ஆரோக்கியமான ஓர் ஆண்’ என்று எழுதினார்.

எடுத்த ரத்த அணுக்களைச் சும்மா வைத்திருந்தால் சில நாட்களில் செத்துவிடும். அதனால் ஒரு வைரஸைச் சேர்த்து வளர்த்தார். அந்த வைரஸ் புகுந்த அணுக்கள் சாக மறந்துவிடும். தீனி போட்டால் பிளந்து பிளந்து பெருகிக்கொண்டே இருக்கும். ஆய்வகத்தில் அந்த அணுக்களுக்கு யாரோ ‘நல்லவன்’ என்று பெயர் வைத்தார்கள். “நல்லவனுக்குத் தீனி போட்டாச்சா?”, “நல்லவன் குடுவையை மூடாம போனது யாருப்பா?” என்று அன்றாடம் அந்தப் பெயர் புழங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் உறைந்த நல்லவனைச் சின்னக் குழாயில் அடைத்து அனுப்பினார் புரொபசர். வாங்கியவர்கள் வளர்த்து, தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். சோதனைப் பொருட்கள் செய்யும் கம்பெனிகள் பீப்பாய் கணக்கில் வளர்த்தன. எந்த ஊரில் சோதனை செய்தாலும் நல்லவனுடைய அளவை நூறு என்று வைத்துத்தான் நோயாளியை அளந்தார்கள். நல்லவன் யார் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஒவ்வொரு காலையும் அவள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்பாள்.

“இன்னிக்கு எந்த ஊர்ல உங்களை வேக வெச்சாங்க?”

“வேக வைக்கலை. கதிர்வீச்சு குடுத்திருக்காங்க.”

“தாங்கினீங்களா?”

“நல்லாத் தாங்கினேனாம். போட்டிருக்கான்.”

இது பல வருடத்து விளையாட்டு. எங்கோ ஓர் ஊரில் அவருக்கு விஷம் வைப்பார்கள், இன்னோர் ஊரில் காய்ச்சல் கிருமியை ஏற்றுவார்கள், வேறோர் ஊரில் பட்டினி போடுவார்கள். எல்லாவற்றையும் பல் விளக்காத வாயோடு அவர் படிப்பார். உண்மையில் படிப்பதுகூட இல்லை. எண்ணிக்கை ஏறியதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்.

இமையை முதலில் கண்டது மனைவிதான். அவருக்குப் புதுக் கண்ணாடி அளவெடுக்க முகத்தருகே வந்தவள், ஆட்களின் கண்ணையே பார்த்துப் பழகிய பார்வையில் அப்படியே நின்றாள்.

“இந்தப் பக்கம் இமை இறங்குது. கண்ணுமணில பாதியை மூடிடுச்சு.”

“தூக்கம் பத்தலை.”

“தூக்கம் பத்தலைன்னா ரெண்டும் இறங்கணும். நாற்காலில இருந்து எழுந்திருங்க பாப்போம்.”

அவர் எழுந்தார். எழும்போது இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தன் மேலேயே தான் ஏறுவதுபோல் ஏறினார். எப்போதிருந்து அப்படி எழுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அப்படி எழுவதைப் பற்றி அவர் படித்திருக்கிறார். அவரே எழுதியும் இருக்கிறார், நோயின் அடையாளங்கள் என்ற தலைப்பின் கீழ்.

நரம்பு மருத்துவர் சின்ன வயதுக்காரர், கலகலப்பானவர். புரொபசரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“சார், உங்க டெஸ்டை உங்களுக்கே பண்றேன். எனக்கு இதைவிட என்ன பெருமை வேணும்?”

சில நாள் கழித்து முடிவு வந்தது. மருத்துவர் தாளை மேசைமேல் திருப்பி வைத்தார்.

“நூறு சார்! தொண்ணூத்தொன்பதும் இல்ல, நூத்தியொண்ணும் இல்ல. நச்சுன்னு நூறு. இப்படி ஒரு ரிசல்ட்டை நான் பார்த்ததே இல்ல. உங்களுக்கு ஒண்ணும் கிடையாது.”

“இமை இறங்குதே. எழுந்திருக்க முடியலையே.”

“வயசு சார். அப்புறம் தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு நோயைப் பத்தியே முப்பது வருஷம் யோசிச்சா அது நமக்கும் இருக்கிற மாதிரி தோணும். மனசை லேசா வெச்சுக்குங்க.”

“மருந்து ஆரம்பிச்சுப் பாக்கலாமா?”

“அம்பதுக்குக் கீழ இருந்தாத்தான் மருந்து. நீங்க போட்ட கோடுதானே சார் அது?”

புரொபசர் அந்த நூறைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அறை நல்ல வெளிச்சமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைப் பின்னால் எடுக்க, இன்னொருவர் “வரலாம், வரலாம்” என்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு மயிர்க்கால்கள் குத்திட்டன. மனிதர்களை அளந்தால் எண்பத்தேழு வரும், நூற்றுப் பதினான்கு வரும். துல்லியமாக நூறு எப்போது வரும்? அளவுகோலை எடுத்து அதே அளவுகோலால் அளந்தால் வரும்.

மறுநாள் முதல் அவர் மேற்கோள்களைப் படிக்கத் தொடங்கினார். எண்ணிக்கையை விட்டுவிட்டு, கட்டுரைகளை. எங்கெங்கோ இருந்த மருத்துவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். ஒரு பெண்: மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறாள், சோதனை எண்பத்தெட்டு, நோய் இல்லை, மனநல ஆலோசனைக்கு அனுப்பப்பட்டாள். ஒரு தபால்காரர்: படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார், சோதனை நூற்றிரண்டு, நோய் இல்லை. ஒரு கட்டுரையில் படம் இருந்தது. கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்த நடுவயது ஆண் தாழ்வான முக்காலியிலிருந்து, கைகளை முழங்காலில் ஊன்றி, எழுகிறார். தோள் முன்னால் சரிந்த விதம், வாய் கோணிய விதம். புரொபசர் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. தன்னை யார் எப்போது படம் எடுத்தார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. ஊர் பெயரைப் படித்த பிறகுதான் அது வேறு யாரோ என்று மனசு ஒப்புக்கொண்டது. படத்தின் கீழே எழுதியிருந்தது: ‘நொதி அளவு ஆரோக்கியமான ஆணுடையதற்கு நிகராக உள்ளது.’

பழைய கட்டுரையை எடுத்தார். அவருக்கு ஒரு வரி நினைவிருந்தது; அது அங்கே இல்லாமல் இருக்கக் கூடாதா என்றும் தோன்றியது. இருந்தது. அப்போது ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள் சிலரின் ரத்தத்தையும் அவர் அளந்து பார்த்திருக்கிறார். எல்லோருக்கும் இருநூறு, இருநூற்றைம்பது என்று வந்திருக்கிறது. ‘சிலரிடம் இந்த நொதி உபரியாக உள்ளது’ என்று ஒரே வரியில் அதைத் தாண்டிப் போயிருந்தார். அளந்தவர் அவர், ஓடியாடிக்கொண்டிருந்த இளைஞர், தன்னிடம் குறை என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. அதனால் மற்றவர்களிடம் மிகை என்று முடிவு கட்டிவிட்டார். உபரி என்ற அந்தச் சொல்லைப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேற்கோள் காட்டினார்கள், அவ்வளவுதான்.

பிற்பகலில் அணுக்கள் வளர்க்கும் அறைக்குப் போனார். சாப்பாட்டு நேரம், ஆள் இல்லை. காற்றை வடிகட்டும் இயந்திரம் மட்டும் ஒரே சுதியில் இரைந்துகொண்டிருந்தது. வெதுவெதுப்பான பெட்டியிலிருந்து நல்லவன் குடுவையை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். அணுக்கள் கொத்துக் கொத்தாக, பளபளவென்று, உருண்டையாக மிதந்தன. அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன் அவர் கையிலிருந்து இறங்கியவை. அவருக்கு நரை விழுந்தது அவற்றுக்குத் தெரியாது. மூச்சு வாங்கத் தேவையில்லை, எழுந்து நிற்கத் தேவையில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று இடுப்பு ஒடுங்கி இரண்டாகப் பிரிந்தது. உலகத்தில் இருக்கும் நல்லவனையெல்லாம் ஓரிடத்தில் கொட்டினால் தன் உடம்பைவிடப் பலமடங்கு எடை இருக்கும் என்று நினைத்தபோது, யார் யாருடைய மிச்சம் என்று அவருக்குக் குழம்பியது. குடுவையை வைத்துவிட்டுக் கதவை வழக்கத்தைவிடக் கெட்டியாகச் சாத்தினார்.

உறுதிசெய்ய வேண்டும். அதற்கு அவர் தேடிப் போனது தன் பழைய மாணவியிடம். அவள் இப்போது பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத் தலைவி. நாலு பேர் எதிரே நிற்கப் பேசும் பதவி. ஆனாலும் புரொபசர் வந்தால் எழுந்து வந்து நாற்காலி இழுத்துப் போடுவாள். அவர் நல்லவனை ஓரங்கட்டச் சொன்னார். ரத்த தானத்துக்கு வந்தவர்களில் சம்மதித்தவர்களின் ரத்தத்தைக் கலந்து புதிய அளவுகோல் ஒன்று செய்யச் சொன்னார். அதை வைத்து இரண்டு மாதிரிகளை அளக்கச் சொன்னார். ஒன்று அவருடையது. இன்னொன்று அவர் ஆய்வகத்து உறைபெட்டியில் பல வருடங்களாகக் கிடந்தது, அவருடைய அக்காவுடையது.

மாணவி முடிவைக் கொண்டுவந்தபோது கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு நாப்பது. அக்காவுக்கு முப்பத்தெட்டு. சார், நல்லவன் யாரு?”

“நான்தாம்மா.”

அவள் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள், போட்டாள்.

“என் பட்டம் நல்லவன் மேல. என் ஆறு பேப்பர் நல்லவன் மேல. போன மாசம் எனக்குக் கிடைச்ச நிதி நல்லவன் மேல.”

“தெரியும்மா.”

“நீங்க அந்தப் பேப்பரைத் தப்புன்னு சொல்லித் திரும்ப வாங்கினா எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி சரியும் சார். அதுக்கு இப்படிப் பண்ணுவோம். புதுசா ஒண்ணு எழுதுவோம், அளவீட்டை மேம்படுத்தறோம்னு. கோட்டை அம்பதுல இருந்து மெதுவா மேல தள்ளுவோம். ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு. பழையது தன்னால மறைஞ்சிடும். யாரும் தப்புப் பண்ணதாவே ஆகாது. உங்க பேரும் நிக்கும்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் என்ன சார்?”

“அதுவரைக்கும் நூறுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புவாங்களே, அவங்க?”

மாணவி ஜன்னல் பக்கம் பார்த்தாள். “உங்களுக்கு நான் மருந்து ஏற்பாடு பண்றேன் சார். அக்காவுக்கும். சத்தமில்லாம.”

அவள் கெட்டவள் அல்ல. அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் எழுவதைப் பார்க்காதிருக்க அவள் தாள்களை அடுக்கினாள்.

அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை, அக்கா வீட்டுக்குப் போனார். இரண்டாவது மாடி. அக்கா அந்த மாடியை விட்டு இறங்கியே பல வருடமாகிறது. இளமையிலேயே அவளுக்கு வீட்டில் சோம்பேறி என்று பேர். புகுந்த வீட்டில் மகாராணி என்று பேர். தண்ணீர் தூக்க மாட்டாள், படியேற மாட்டாள், கேட்டால் முடியவில்லை என்பாள். ஒருமுறை தம்பியிடம் வந்து, உன் சோதனையைப் பண்ணிப் பாரேன் என்றாள். அவர் அளந்தார். தொண்ணூற்றாறு வந்தது. “உனக்கு ஒண்ணும் இல்லக்கா. உடம்பு வளையணும், படியேறு” என்று சொல்லி அனுப்பினார். தம்பி படித்தவன் என்று அவள் ஏறினாள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் ஏறுவதை நிறுத்தினாள். இப்போது படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். உள்ளே நுழையும் முன்பே அவள் மூச்சு வாசல்வரை கேட்டது. சின்னதாக இழுத்து, நின்று, மறுபடி சின்னதாக இழுத்தது. படியேறிய களைப்பில் கதவைப் பிடித்து நின்ற புரொபசர், தன்னுடைய மூச்சும் அதே இடத்தில் நின்று அதே இடத்தில் தொடங்குவதைக் கேட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நிமிடம் வீட்டுக்குள் ஒரே ஓர் ஆள்தான் மூச்சு விடுவதுபோல் இருந்தது.

“என்னடா, பட்டப்பகல்ல வந்து நிக்கிற? யாராவது போயிட்டாங்களா?”

“இல்லக்கா.”

“அப்ப போகப்போறது நானா?”

“சும்மா இருக்கா.” அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். நொதி, அளவுகோல் எல்லாம் அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்.

“அப்ப நான் சோம்பேறி இல்லையா?”

“இல்லக்கா.”

“நெஜமாவே முடியாமத்தான் இருந்ததா?”

“ஆமாக்கா.”

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். “சொன்னவங்க எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்களேடா. அம்மா இல்ல, மாமியார் இல்ல, உங்க அத்திம்பேர் இல்ல. இனிமே இதை யார்கிட்ட போய்ச் சொல்றது நான்?”

அவர் மாணவி சொன்ன யோசனையைச் சொன்னார். சத்தமில்லாமல் மருந்து, ஓரிரு வருடத்தில் கோட்டை மாற்றுவது, அதுவரை பேசாமல் இருப்பது.

“திரும்ப வாங்கினா உனக்கு என்னடா ஆகும்?”

“பேர் போயிடும்க்கா. சம்பாதிச்சதே அது ஒண்ணுதான்.”

“போகட்டும்.” அக்கா அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “எனக்குப் போனப்ப நீ ஒண்ணும் சொல்லலையே.”

மறுநாளே புரொபசர் இதழாசிரியருக்கு எழுதினார். சுற்றி வளைக்கவில்லை. ‘ஆரோக்கியமான ஓர் ஆண் என்று நான் எழுதியது என்னை. நான் ஆரோக்கியமானவன் அல்ல. என்னைப் போலிருப்பவர்களை நோயற்றவர்கள் என்று இந்தக் கட்டுரை சொல்கிறது. இதைத் திரும்பப் பெறுகிறேன்.’ அறிவிப்பு வெளியானது. கட்டுரையின் முதல் பக்கத்தில் குறுக்காக, சிவப்பில், திரும்பப் பெறப்பட்டது என்று விழுந்தது. பழைய மாணவி அதன்பின் அவர் அழைப்பை எடுக்கவில்லை. நரம்பு மருத்துவர் மட்டும் வீட்டுக்கே வந்து, “மனசை லேசா வெச்சுக்கச் சொன்னேனே சார்” என்று சொல்லி, தண்ணீர் கேட்டுக் குடித்தார். அவரே இருவருக்கும் மருந்தைத் தொடங்கினார். அக்காவுக்குப் போன பலம் இனி வராது; இருப்பது போகாமல் இருக்கலாம் என்றார்.

புரொபசர் எதிர்பார்த்தது, மேற்கோள்கள் நின்றுபோகும் என்று. அவை நிற்கவில்லை. காலையில் திறந்தால் ஒன்று இருந்தது, சில நாள் இரண்டு மூன்று. யாரும் முதல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. ஒருவர் கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலை இன்னொருவர் தம் கட்டுரையின் கடைசிக்கு அப்படியே பெயர்த்துக்கொள்கிறார். புதிய ஊர்களில் நல்லவன் வளர்ந்துகொண்டிருந்தான். புதிய நோயாளிகள் அவனோடு ஒப்பிடப்பட்டு, நிகராக இருக்கிறார்கள் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடமும் அவர் கூட்டிக்கொண்டே வந்த எண், கழிக்கத் தெரியாத ஒன்றாக மேலே போயிற்று. மனைவி இப்போதெல்லாம் காப்பியை வைத்துவிட்டு எதுவும் கேட்பதில்லை.

ஒருநாள் அவர் ஆளுக்கொன்றாகக் கடிதம் எழுத ஆரம்பித்தார். மேற்கோள் காட்டிய ஒவ்வொருவருக்கும். விரல்கள் சீக்கிரம் ஓய்ந்துவிடுவதால் அவர் சொல்ல மனைவி தட்டச்சு செய்தாள். பலர் பதில் போடவில்லை. ஒருவர், விளையாட இது நேரமில்லை என்று எழுதினார். இரண்டு பேர் நன்றி சொல்லி, தாங்கள் வீட்டுக்கு அனுப்பியவர்களைத் திரும்பக் கூப்பிடுவதாக எழுதினார்கள். அவர்களில் ஒருவர் அந்த முக்காலிப் படத்தை எடுத்தவர். அந்தக் கடிதத்தை மனைவி இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

பிறகு ஒரு காலையில் வந்ததை அவள் சத்தமாகப் படித்தாள்.

“‘மதிப்புக்குரிய ஐயா, தங்கள் அக்கறைக்கு நன்றி. எங்களிடம் உள்ள ஆரோக்கியமான ஆண் மிக நலமாக இருக்கிறார். இதுவரை நாங்கள் வளர்த்த எதுவும் இவ்வளவு வேகமாக வளர்ந்ததில்லை. தங்களிடம் இருப்பது கெட்டுப்போயிருக்கக்கூடும் என்று கருதுகிறோம். விரும்பினால் ஒரு குழாய் அனுப்பி வைக்கிறோம். முகவரி தெரிவிக்கவும்.’”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “முகவரி குடுக்கட்டுமா?” என்றாள்.

“வேண்டாம்.”

அவர் அதைச் சொன்ன வேகத்தில் அவள் சிரிப்பு நின்றது. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து, விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரி, சொல்லுங்க. அடுத்தது யாரு?”